பாணும் கதிரையும் கந்தோரும்: ஆங்கிலத்தின் கடினச் சொற்கள் எங்கிருந்து வந்தன?



கொஞ்சம் நீண்ட பதிவு. ஓ.எல்., ஏ.எல். படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் உம்மாமாரும் வாப்பாமாரும் நேரம் எடுத்து வாசித்தால் நல்லது.

எமது நாட்டின் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத்துக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. ‘கடுவ’ என்பார்கள். சிங்களத்தில் அதற்கு வாள் என்று பொருள். ஆங்கிலம் தெரிந்தவன் தெரியாதவனை வெட்டி வீழ்த்தும் வாள். சிங்கள மொழி மூலம் படித்து வந்த கிராமத்துப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. தமிழ் மொழி மூலம் படித்துப் போகும் எமது பிள்ளைகளுக்கும் அதே வெட்டுத்தான் விழுகிறது. உயிரியலில் நல்ல பெறுபேறு எடுத்து மருத்துவ பீடத்துக்குப் போகிறார்கள். அங்கே முதல் நாளே விரிவுரை ஆங்கிலத்தில். தமிழில் கரைத்துக் குடித்த விஷயம் திடீரென்று அந்நியமாகிப் போகிறது.

இதற்கு நாம் வழமையாகச் சொல்லும் மருந்து ஒன்றுதான்: ‘தினமும் பத்துச் சொல் பாடமாக்கு’. பிள்ளையும் கொப்பியில் எழுதுகிறது. இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். வெள்ளிக்கிழமை பாடமாக்கியது திங்கட்கிழமை இல்லை.

ஆங்கிலத்தின் பெரிய சொற்களில் மிகப் பெரும்பாலானவை கிரேக்க, இலத்தீன் துண்டுகளை ஒட்டிச் செய்தவை. துண்டுகள் எண்ணிக்கையில் குறைவு. அவை தரும் சொற்களோ ஏராளம். துண்டைப் பிடித்தால் சொல் தானாக வரும். அந்தத் துண்டுகள் ஆங்கிலத்துக்குள் எப்படி வந்தன என்ற வரலாற்றில் பக்தாதுக்கும் பங்கு இருக்கிறது, எமது வீட்டுக் குசினிக்கும் பங்கு இருக்கிறது. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

1. மத்ரஸாவில் ஏற்கனவே படித்த பாடம்

வேர்ச்சொல் என்பது எமது பிள்ளைகளுக்குப் புதிய விஷயமே அல்ல. காஃப், தா, பா என்ற மூன்று எழுத்தை எடுங்கள். எழுதுதல் என்ற பொருள் அதற்குள் இருக்கிறது. கிதாப் என்றால் நூல். காதிப் என்றால் எழுதுபவர். மக்தூப் என்றால் எழுதப்பட்டது. மக்தப் என்றால் எழுதும் இடம். மக்தபா என்றால் நூலகம். ஐன், லாம், மீம் என்ற மூன்றிலிருந்து இல்ம், ஆலிம், உலமா, முஅல்லிம், தஃலீம் எல்லாம் வருகின்றன. பத்து வயதுப் பிள்ளைக்குக் கூட இது விளங்கும்.

இலத்தீனில் எழுதுதலுக்குரிய வேர் ‘ஸ்கிரிப்’. இதிலிருந்து ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள்! ‘ஸ்கிரிப்ட்’ என்றால் எழுத்துப் பிரதி. ‘மனுஸ்கிரிப்ட்’ என்றால் கையால் எழுதியது. ‘மனு’ என்பது இலத்தீனில் கை. ‘ப்ரிஸ்கிரிப்ஷன்’ என்றால் மருந்து கொடுக்க முன்னர் டொக்டர் எழுதித் தருவது. ‘ப்ரி’ என்றால் முன். ‘சப்ஸ்கிரைப்’ என்றால் கீழே எழுதுவது, அதாவது பத்திரத்தின் அடியில் பெயர் எழுதி ஒப்புக்கொள்வது. ‘சப்’ என்றால் கீழ். யூடியூபில் பிள்ளைகள் நாள் முழுக்க அழுத்துவதும் அந்தச் சொல்லைத்தான்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அரபில் வேரின் உள்ளே உயிர் ஒலிகள் மாறி மாறிச் சொற்கள் பிறக்கும். கிரேக்கத்திலும் இலத்தீனிலும் பெரும்பாலும் வேருக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் ஒட்டிச் சொற்கள் பிறக்கும். ரயிலில் பெட்டி கோர்ப்பது போல.

2. ஆங்கிலம் எப்படி இப்படி ஆனது?

ஆங்கிலம் இலத்தீனின் பிள்ளை அல்ல. ஐந்தாம் நூற்றாண்டில் இன்றைய ஜேர்மனி, டென்மார்க் கரைகளிலிருந்து கடல் கடந்து பிரித்தானியாவுக்குப் போன ஆங்கில், சாக்சன் குலத்தவர்கள் பேசிய மொழி அது. கை, கால், தண்ணீர், வீடு, சாப்பாடு, தூக்கம் போன்றவற்றுக்கு இன்றும் ஆங்கிலேயர் சொல்வது அந்தப் பழைய சொற்களைத்தான். எல்லாம் சின்னச் சின்னச் சொற்கள்.

597ல் உரோமிலிருந்து அகஸ்டின் என்ற பாதிரியார் தலைமையில் ஒரு குழு கென்ட் பகுதிக்குப் போனது. அவர்களது சமயமும் கல்வியும் இலத்தீனில் இருந்தன. அந்தக் காலத்தில் ஆங்கிலத்துக்குள் புகுந்த சொற்களில் ஒன்று ‘ஸ்கூல்’. இலத்தீனுக்கு அது வந்தது கிரேக்கத்திலிருந்து. கிரேக்கத்தில் அதன் முதல் பொருள் ‘ஓய்வு நேரம்’! உழைப்பிலிருந்து ஓய்வு கிடைத்தவன்தான் உட்கார்ந்து அறிவு பேச முடியும் என்ற கருத்திலிருந்து பாடசாலை என்ற பொருள் வந்தது. பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் மறக்க மாட்டார்கள்.

1066ல் பெரிய திருப்பம். பிரான்சின் நோர்மண்டியிலிருந்து வில்லியம் படையெடுத்து வந்து இங்கிலாந்தைப் பிடித்தார். அதன்பின் சில நூற்றாண்டுகள் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழிதான். பிரெஞ்சு என்பது இலத்தீனின் நேரடிப் பிள்ளை. வயலில் மாடு மேய்த்தவன் ஆங்கிலேயன். அவனது வாயில் அது ‘கவ்’. மேசையில் இறைச்சி தின்றவன் நோர்மன் பிரபு. அவனது வாயில் அது ‘பீஃப்’. ஆட்டுக்கும் அப்படித்தான்: மேயும்போது ‘ஷீப்’, சட்டிக்குள் ‘மட்டன்’.

இதனால் ஆங்கிலத்துக்கு ஒரே கருத்துக்கு இரண்டு மூன்று சொற்கள் சேர்ந்தன. கேட்பதற்கு ‘ஆஸ்க்’ என்பது பழைய ஆங்கிலம். ‘குவெஸ்ட்ஷன்’ பிரெஞ்சு வழியாக வந்தது. ‘இன்டரொகேட்’ நேராக இலத்தீனிலிருந்து வந்தது. உம்மா பிள்ளையிடம் கேட்பது முதலாவது. ஆசிரியர் வகுப்பில் கேட்பது இரண்டாவது. பொலிஸ் கேட்பது மூன்றாவது. சொல் நீளமாக ஆக அதிகாரமும் கூடுகிறது பாருங்கள்.

1476ல் வில்லியம் கக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் தொடங்கினார். அடுத்த நூற்றாண்டில் அறிஞர்கள் கிரேக்க, இலத்தீன் நூல்களை ஆங்கிலத்தில் பெயர்க்கத் தொடங்கியபோது ஆயிரக்கணக்கான சொற்களை அப்படியே அள்ளிக் கொண்டு வந்தார்கள். பலருக்கு அது பிடிக்கவில்லை. ‘மைக்கூட்டுச் சொற்கள்’ என்று கேலி செய்தார்கள். மையை வீணாக்கும் படாடோபம் என்ற கருத்தில். கேம்பிரிட்ஜில் கிரேக்கம் கற்பித்த பேராசிரியர் ஜோன் சீக் 1557ல் எழுதிய ஒரு கடிதத்தில், எமது மொழி கடன் வாங்காமல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று வாதிட்டார். வேடிக்கை என்னவென்றால், ‘சுத்தம்’ என்பதற்கு அவர் அங்கே எழுதிய ‘பியூர்’ என்ற சொல்லே இலத்தீன் வழி வந்தது.

இந்தச் சொல்வெள்ளத்தில் அதிகம் திணறியவர்கள் இலத்தீன் படிக்க வாய்ப்பில்லாத சாதாரண மக்கள். அவர்களுக்காக ரொபர்ட் கோட்ரி என்ற பாடசாலை ஆசிரியர் 1604ல் ஒரு சிறிய புத்தகம் வெளியிட்டார். ஏறத்தாழ 2500 கடினச் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் எளிய ஆங்கிலத்தில் பொருள். ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொன்ன முதல் அகராதி என்று இன்று கருதப்படுவது அதுதான். பெண்களுக்கும், கல்வி வாய்ப்புக் கிடைக்காத ஏனையோருக்கும் உதவுவதற்காக என்று அதன் முகப்பிலேயே அச்சிட்டிருந்தார். தமது மொழியின் கடினச் சொற்களைக் கண்டு ஆங்கிலேயரே பயந்த காலம் அது. எமது பிள்ளைகள் பயப்படுவதில் என்ன வெட்கம்?

3. பக்தாத் வழியாக வந்த பாதை

கிரேக்க அறிவு கிரேக்கத்திலிருந்து நேராக இலண்டனுக்குப் பறந்து போகவில்லை. அதில் பெரும் பகுதி அரபு மொழிக்குள் வந்து, அங்கே வளர்ந்து, பிறகுதான் ஐரோப்பாவுக்குப் போனது.

ஒன்பதாம் நூற்றாண்டு அப்பாஸிய பக்தாதில் மொழிபெயர்ப்பு ஒரு பெரும் பணியாக நடந்தது. அதன் முதன்மையானவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக். 873ல் மறைந்த இவர் ஒரு கிறிஸ்தவர். கிரேக்க மருத்துவர் கலெனின் நூல்களை சிரியாக் மொழிக்கும் அரபுக்கும் பெயர்த்தார். முஸ்லிம் ஆட்சியாளர்களும் செல்வந்தர்களும் அவருக்கு ஆதரவளித்தார்கள். அறிவு எங்கிருந்து வந்தது என்று பார்த்து அவர்கள் கதவை மூடவில்லை.

அதே நகரில் கலீஃபா மஃமூனின் காலத்தில் அல்குவாரிஸ்மி ஒரு கணித நூல் எழுதினார். அதன் தலைப்பில் உள்ள ‘அல்ஜப்ர்’ என்ற சொல்தான் ‘அல்ஜிப்ரா’. 1145ல் செஸ்டர் நகரத்து ரொபர்ட் அதை இலத்தீனுக்குப் பெயர்த்தார். அல்குவாரிஸ்மியின் பெயர் இலத்தீன் நாக்கில் ‘அல்கோரிட்மி’ ஆகி, இன்று பேஸ்புக்கில் எமக்கு எந்தப் பதிவைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் ‘அல்கோரிதம்’ ஆகியிருக்கிறது. ‘ஸிஃப்ர்’ என்ற அரபுச் சொல் இரண்டு பாதையில் போய் ‘ஸீரோ’ என்றும் ‘சைஃபர்’ என்றும் இரண்டு ஆங்கிலச் சொற்களைத் தந்தது.

ஸ்பெயினின் டொலிடோ நகரம் 1085ல் முஸ்லிம்களின் கையிலிருந்து போன பிறகும் அரபு நூல்கள் அங்கே இருந்தன. இத்தாலியின் கிரெமோனாவைச் சேர்ந்த ஜெராட் தொலமியின் வானியல் நூலைத் தேடி அங்கே போனார். 1187ல் இறக்கும்வரை அங்கேயே தங்கி எழுபதுக்கு மேற்பட்ட நூல்களை இலத்தீனாக்கினார். அவர் தேடிப்போன நூலின் பெயர் ‘அல்மஜெஸ்ட்’. ‘மிகப் பெரியது’ என்ற பொருள்கொண்ட கிரேக்கச் சொல்லுக்கு அரபின் ‘அல்’ ஒட்டியது.

பிள்ளைகள் திரிகோணகணிதத்தில் படிக்கும் ‘சைன்’ இந்தப் பயணத்துக்கு நல்ல சாட்சி. சமஸ்கிருதத்தில் வில்லின் நாணைக் குறிக்கும் ‘ஜீவா’ என்ற சொல்லை அரபுக் கணிதர்கள் ஒலிபெயர்த்து எழுதினார்கள். உயிர்க்குறி இல்லாத அந்த எழுத்துகள் பின்னர் ‘ஜைப்’ என்று வாசிக்கப்பட்டன. ஜைப் என்றால் சட்டையின் மடிப்பு, பை. இலத்தீன் மொழிபெயர்ப்பாளர்கள் மடிப்பு என்ற பொருளுள்ள ‘சைனஸ்’ என்ற தமது சொல்லைப் போட்டார்கள். மூக்கடைப்பு வந்தால் நாம் சொல்கிறோமே, அந்த ‘சைனஸ்’ தான். கணிதத்தின் சைனும் மூக்கின் சைனஸும் ஒரே சொல்.

கொடுத்தது மட்டுமல்ல, அரபு வாங்கியும் இருக்கிறது. தீனார் இலத்தீனின் ‘டெனாரியஸ்’. திர்ஹம் கிரேக்கத்தின் ‘டிராக்மா’. ஃபல்ஸஃபா கிரேக்கத்தின் ‘பிலொசொபியா’. வாங்குவதும் கொடுப்பதும் மொழிகளின் இயல்பு.

4. விஞ்ஞானிகள் பெயர் வைத்த காலம்

17ஆம் நூற்றாண்டிலிருந்து புதுப் புதுக் கண்டுபிடிப்புகளுக்குப் பெயர் தேவைப்பட்டது. எல்லா நாட்டு அறிஞருக்கும் பொதுவாகத் தெரிந்த மொழிகள் கிரேக்கமும் இலத்தீனும். ஆகவே அந்தத் துண்டுகளை எடுத்து ஒட்டினார்கள்.

1611ல் கலிலியோவைக் கௌரவித்து உரோமில் ஒரு விருந்து நடந்தது. அவரது தூரக்கண்ணாடிக்கு அங்கே டெமிசியானி என்ற கிரேக்க அறிஞர் வைத்த பெயர் ‘டெலிஸ்கோப்’. ‘டெலி’ என்றால் தொலைவு, ‘ஸ்கோப்’ என்றால் பார்ப்பது. 1796ல் எட்வர்ட் ஜென்னர் பசு அம்மைக் கிருமியைக் கொண்டு பெரியம்மையைத் தடுத்துக் காட்டினார். பசுவுக்கு இலத்தீனில் ‘வக்கா’. அதிலிருந்து ‘வக்சின்’. 1842ல் ரிச்சர்ட் ஓவன் ‘பயங்கரமான’, ‘பல்லி’ என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி ‘டைனசோர்’ என்றார்.

சில பெயர்கள் பழைய தவறான நம்பிக்கையையும் சுமந்து நிற்கின்றன. ‘மலேரியா’ என்பது இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’. சதுப்பு நிலத்துக் காற்றால்தான் காய்ச்சல் வருகிறது என்று நம்பிய காலத்துப் பெயர். நுளம்புதான் அதைப் பரப்புகிறது என்பதற்கான ஆதாரத்தை ரொனால்ட் ரோஸ் இந்தியாவில் கண்டது 1897ல். 1934, 35ல் எமது நாட்டில் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோன அந்த நோயை 2016ல் முற்றாக ஒழித்துவிட்டோம் என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. ‘ஒட்சிசன்’ என்றால் ‘அமிலத்தை உண்டாக்குவது’. எல்லா அமிலத்திலும் அது இருக்கிறது என்று லவோசியர் நினைத்தார். ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஒட்சிசனே இல்லை என்பது பின்னர் தெரிந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

5. எமது வீட்டுக்குள் இருக்கும் இலத்தீன்

இப்போது ஊருக்கு வருவோம்.

போர்த்துக்கேயர் 1505ல் இந்தத் தீவுக்கு வந்தார்கள். அவர்களது மொழியும் பிரெஞ்சைப் போல இலத்தீனின் பிள்ளை. எமது முன்னோருக்கு அவர்கள் செய்தது சிறு கொடுமை அல்ல. 1626ல் தமது ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்றுக் கிழக்கில் குடியமர்த்தினான். அந்த வரலாற்றை நாம் மறப்பதற்கில்லை. ஆனால் அவர்கள் போன பிறகும் அவர்களது சொற்கள் எமது வீட்டை விட்டுப் போகவில்லை.

காலையில் கடையில் வாங்கும் ‘பாண்’ போர்த்துக்கேயச் சொல். அதன் மூலம் இலத்தீனின் ‘பானிஸ்’. அதே ‘பானிஸ்’ ஆங்கிலத்தில் ‘கம்பேனியன்’ என்ற சொல்லுக்குள் இருக்கிறது. ‘கொம்’ என்றால் கூட. கூட இருந்து பாண் உண்பவன்தான் கம்பேனியன், கூட்டாளி. ஒரே சஹனில் சுற்றியிருந்து சாப்பிடும் எமக்கு இந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. அதிலிருந்து வந்ததுதான் ‘கம்பனி’.

பிள்ளை வகுப்பில் உட்காரும் ‘கதிரை’ போர்த்துக்கேயரின் ‘கடெய்ரா’. அது இலத்தீன் வழியாக வந்த கிரேக்கச் சொல். மூலம் ‘கதெட்ரா’, அதாவது இருக்கை. ஆங்கிலத்தின் ‘செயர்’ அதே சொல் பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்தது. பிஷப்பின் இருக்கை உள்ள தேவாலயம் ‘கதீட்ரல்’. ஆக, கதிரை என்று தமிழில் சொன்னாலும் செயர் என்று ஆங்கிலத்தில் சொன்னாலும் பிள்ளை கிரேக்கத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ‘மேசை’ இலத்தீனின் ‘மென்சா’. ‘அலுமாரி’ இலத்தீனின் ‘அர்மாரியம்’. ‘ஜன்னல்’ வாசலைக் குறிக்கும் ‘யானுவா’விலிருந்து வந்தது, வாசல் காப்பவனான ‘ஜெனிட்டர்’ அதன் உறவினர்.

1658ல் போர்த்துக்கேயரை முற்றாக வெளியேற்றிய ஒல்லாந்தர் எமக்குக் ‘கந்தோர்’ தந்தார்கள். ஒல்லாந்து மொழியின் ‘கன்டோர்’ பிரெஞ்சிலிருந்து வந்தது. அதன் வேர் இலத்தீனின் ‘கொம்புடாரே’, கணக்கிடுதல். கணக்குப் பார்க்கும் மேசை பிறகு அலுவலகமானது. இப்போது பாருங்கள்: கந்தோரும் கம்பியூட்டரும் ஒரே வேர்! காணி எழுதப் போகும் ‘நொத்தாரிசு’ இலத்தீனின் ‘நொட்டாரியஸ்’. ‘நோட்’ என்பதும் அதே குடும்பம்.

6. வேர் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை?

பிரித்தானியர் காலத்தில் ஆங்கிலம் பெரும்பாலும் மிஷனரிப் பாடசாலைகளில் கிடைத்தது. பிள்ளைகளின் ஈமான் போய்விடுமோ என்று எமது முன்னோர் பயந்தார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் விலையும் இருந்தது. ஏனைய சமூகத்தவர் வழக்கறிஞர்களாகவும் வைத்தியர்களாகவும் எழுந்தபோது நாம் பின்னுக்கு நின்றோம்.

இதை உரக்கச் சொன்னவர் கண்டியில் 1838ல் பிறந்த எம்.சி. சித்திலெப்பை. அவர் வழக்கறிஞர், அரபும் தமிழும் ஆங்கிலமும் அறிந்தவர். 1882ல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1883ல் எகிப்திலிருந்து பிரித்தானியர் நாடுகடத்திய ஒராபி பாஷா கொழும்புக்கு வந்தபோது அவரும் இந்த முயற்சிக்குத் துணை நின்றார். வாப்பிச்சி மரிக்கார் போன்ற கொடையாளிகளும் சேர, 1892ல் மருதானையில் ஸாஹிரா உருவானது. மார்க்கமும் ஆங்கிலமும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம் என்பதே அதன் செய்தி. ஆங்கிலேயப் படையோடு போரிட்டு நாடிழந்து வந்த ஒரு மனிதர், ஆங்கிலம் படியுங்கள் என்பதற்குத் துணை நின்றார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயம். அந்தக் காலத்துப் பெரிய ஆங்கிலப் பாடசாலைகளில் இலத்தீன் ஒரு பாடமாக இருந்தது. அங்கே படித்த பணக்காரப் பிள்ளைக்கு ஆங்கிலத்தின் கடினச் சொற்கள் கடினமாகத் தெரியவில்லை. வேர் அவனுக்கு வேறு பாடத்தில் கிடைத்துவிட்டது. 1945ல் சீ.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி கிராமத்துப் பிள்ளைக்கும் பாடசாலையைத் திறந்தது. தாய்மொழியில் படிக்கும் உரிமையும் வந்தது. இரண்டும் பெரும் கொடைகள். ஆனால் கிராமத்துக்கு வந்த ஆங்கிலப் பாடத்தில் வேர் இருக்கவில்லை. சொற்பட்டியல்தான் வந்தது. ‘கடுவ’ என்ற பெயரின் பின்னால் இந்த இடைவெளியும் இருக்கிறது.

7. தமிழ் மொழி மூலப் பிள்ளையின் கையிலுள்ள சொத்து

நல்ல செய்தி இதுதான். எமது விஞ்ஞானப் பாடநூல்களின் தமிழ்க் கலைச்சொற்களில் பல, கிரேக்க, இலத்தீன் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தமிழாக்கிச் செய்தவை. ஒளித்தொகுப்பு என்ற சொல்லை எடுங்கள். ஒளி என்பது ‘போட்டோ’. தொகுப்பு என்பது ‘சின்தசிஸ்’. சேர்த்தால் ‘போட்டோசின்தசிஸ்’. பிள்ளைக்குப் பொருள் ஏற்கனவே தெரியும். இணைத்துக் காட்டத்தான் ஆள் இல்லை.

இன்னும் சில:

வெப்பமானி: ‘தேர்மோ’ வெப்பம், ‘மீட்டர்’ மானி.
நுணுக்குக்காட்டி: ‘மைக்ரோ’ நுண்மை, ‘ஸ்கோப்’ காட்டி.
பல்கோணி: ‘பொலி’ பல, ‘கொன்’ கோணம்.
மின்பகுப்பு: ‘இலெக்ட்ரோ’ மின், ‘லிசிஸ்’ பகுப்பு.
உயிரியல்: ‘பயோ’ உயிர், ‘லொஜி’ இயல்.
ஊனுண்ணி: ‘கார்னி’ ஊன், ‘வோர்’ உண்ணி. தாவரவுண்ணிக்கு ‘ஹேர்பி’, அனைத்துமுண்ணிக்கு ‘ஒம்னி’ என்று முன்பகுதி மட்டும் மாறும்.
ஜனநாயகம்: ‘டெமோ’ மக்கள், ‘கிரசி’ ஆட்சி.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் பிள்ளைக்குக் கூட இந்த வசதி கிடையாது. ‘கார்னிவோர்’ அதற்கு வெறும் ஒலி. எமது பிள்ளைக்கு ஊனுண்ணி என்று தமிழ் உடைத்துக் காட்டிவிடுகிறது.

8. எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்கள்

இந்த முறை எல்லாப் பூட்டுக்கும் திறப்பு அல்ல.

ஒன்று: ஒரே மாதிரித் தெரியும் துண்டுகள் வேறு வேறாக இருக்கலாம். ‘ட்ரான்ஸ்போர்ட்’, ‘எக்ஸ்போர்ட்’ இரண்டிலும் ‘போர்ட்’ என்றால் சுமத்தல். ‘பாஸ்போர்ட்’டில் அது துறைமுகம். ‘பெடஸ்ட்ரியன்’ என்பதில் இலத்தீனின் பாதம். ‘பீடியாட்ரிக்ஸ்’ என்பதில் கிரேக்கத்தின் குழந்தை.

இரண்டு: காலப்போக்கில் பொருள் நகரும். பாடசாலை ஓய்வு நேரமாக இருந்த கதையை மேலே பார்த்தோம். வேர் தருவது ஊகம். அந்த ஊகத்தை வசனத்தில் வைத்துப் பார்த்து, அகராதியில் உறுதி செய்ய வேண்டும்.

மூன்று: இது வாசிப்புக்கான உதவி. பேச்சு ஆங்கிலம் பெரும்பாலும் அந்தப் பழைய சின்னச் சொற்களால் ஆனது. பேசித்தான் பேச்சு வரும்.

9. வீட்டில் என்ன செய்யலாம்?

இந்தத் துண்டுகளோடு தொடங்கலாம்.

எண்கள்: மோனோ, யூனி (ஒன்று), பை, டை (இரண்டு), ட்ரை (மூன்று), பொலி, மல்ட்டி (பல).
இடமும் காலமும்: ப்ரீ (முன்), போஸ்ட் (பின்), சப் (கீழ்), சூப்பர் (மேல்), இன்டர் (இடையே), ட்ரான்ஸ் (கடந்து).
செயல்கள்: ஸ்கிரிப் (எழுது), போர்ட் (சும), ஸ்பெக்ட் (பார்), டிக்ட் (சொல்).
விஞ்ஞானம்: பயோ (உயிர்), ஜியோ (புவி), தேர்மோ (வெப்பம்), போட்டோ (ஒளி), ஹைட்ரோ (நீர்), டெலி (தொலை), கிராப் (வரை, எழுது), லொஜி (இயல்), மீட்டர் (அளவு), ஸ்கோப் (காட்டி).

வாரத்துக்கு மூன்று துண்டு போதும். ஒரு கொப்பியில் ஒரு துண்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்லுங்கள். பாடநூலிலோ மருந்துப் பெட்டியிலோ பத்திரிகையிலோ அந்தத் துண்டுள்ள சொல்லைக் கண்டால் அந்தப் பக்கத்தில் சேர்க்கட்டும். பக்கத்தில் தமிழ்க் கலைச்சொல்லும், முடிந்தால் அரபுச் சொல்லும் எழுதட்டும். ஒரு வருடத்தில் 150 துண்டுகளுக்கு மேல் வந்துவிடும். ஆங்கிலம் தெரியாத உம்மாவும் இதில் சேரலாம். ‘டிக்ட் என்றால் சொல், ப்ரீ என்றால் முன், அப்படியென்றால் ப்ரிடிக்ட் என்ன மகன்?’ என்று கேட்க ஆங்கிலம் சரளமாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முன்கூட்டிச் சொல்வது என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கும்போது அதன் முகத்தைப் பாருங்கள்.

விடுமுறையில் பள்ளிவாசல் நூலகத்திலோ அஹதியா வகுப்பு முடிந்த பின்னரோ அரை மணித்தியாலம் ஒதுக்கினால் ஊர் மட்டத்திலேயே இதைச் செய்யலாம். கம்பஸ் போன காக்காமார், தாத்தாமார் லீவில் ஊருக்கு வரும்போது தங்கள் பாடத்தில் அடிக்கடி வரும் துண்டுகளை எழுதித் தந்தால், ஏ.எல். முடித்துக் காத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு அது பேருதவி.

உங்கள் வீட்டு மூத்தவர்கள் பாவிக்கும் பழைய சொற்களில் போர்த்துக்கேய, ஒல்லாந்துச் சொற்கள் இன்னும் இருக்கும். தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். அவற்றின் வேரைத் தேடி அடுத்த பதிவில் சேர்ப்போம்.